அழுந்தி அறிதல்: வில்லுப்பாட்டும் தன்கண் விளையாட்டும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

பாபநாசத்துப் படித்துறையில் நீராடும் முதியோரைக் கண்டிருப்போர்க்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வந்தவுடன் அவர்கள் ஆற்றில் பாய்வதில்லை. முதற்படியில் நின்று கால் நனைப்பர். அடுத்த படியில் நீரை அள்ளித் தலையில் தெளிப்பர். இடுப்பளவு நீரில் நின்று பொதிகையை நோக்கிக் கும்பிடுவர். அதன் பின்னரே மூழ்குவர். மூழ்கிய கணத்தில் ஊரின் ஓசை அற்றுப்போகும். பொருநையின் ஓசை ஒன்றே உலகமாகும். எழுந்ததும் அதே படிகள் அவர்களைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். மூழ்குவித்தது ஆறு. முறையாக மூழ்கவும் முறையாக மீளவும் துணை நின்றது படி கட்டியவனின் அறிவு.

கலைக்கும் இஃது ஒக்கும். கதையில் மூழ்குதல், பாட்டில் கரைதல், கூத்தில் தன்னை மறத்தல் என்றெல்லாம் தமிழர் சொல்லிவந்த பட்டறிவை மேலைநாட்டார் ‘இம்மர்ஷன்’ என்பர். அமெரிக்க அறிஞர் ஜேனட் மரே 1997இல் வெளியிட்ட ‘ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்’ என்னும் நூலில், இச்சொல் நீரில் மூழ்கும் பட்டறிவிலிருந்து பிறந்த உருவகம் என்பதை எடுத்துக்காட்டிக் கணிப்பொறிக் கதைகளுக்கு அதனைப் பொருத்தினார். இன்று இளைஞரை மிகுதியாக மூழ்குவிக்கும் கலை, திரையில் துப்பாக்கி ஏந்தித் தம் கண்ணாலேயே களம் காணும் விளையாட்டாகும். ‘பர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ என இளைஞர் வழங்கும் இதனை ஈண்டுத் தன்கண் விளையாட்டு எனக் குறிக்கலாம். அதன் அமைப்பில் எவை மனத்தை ஒன்றச் செய்கின்றன, எவை ஒன்றிய மனத்தைக் கலைக்கின்றன, ஒன்றிய மனத்துக்கு அது தருவது யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

பண்ணை என்னும் சொல்

இலக்கிய வட்டத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசுவது தகுமோ என்னும் ஐயம் எழலாம். விடை தொல்காப்பியத்திலேயே உள்ளது. சுவையின் இலக்கணம் கூறும் மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பா ‘பண்ணை’ என்னும் சொல்லோடு தொடங்குகிறது. அச்சொல்லுக்குப் பொருள் விளையாட்டு என்பதை உரியியலில் தொல்காப்பியரே கூறியுள்ளார். எனவே தமிழரின் சுவைக் கோட்பாடு விளையாட்டுக் களத்திலிருந்தே பிறக்கின்றது. எட்டு மெய்ப்பாடுகளும் எழுதப்பட்ட ஏட்டில் தோன்றியன அல்ல. ஆடும் இடத்தில், காண்போர் நடுவே தோன்றியவை.

அச்சத்தை விளக்கும்போது உரையாசிரியர்கள் இருவரை வைத்துப் பேசுவர். அஞ்சுவோன் ஒருவன், அவன் மெய்யில் புலப்படும் அச்சத்தைக் கண்டு உணர்வோன் மற்றொருவன். இவ்விருவர்க்கும் இடையில் உள்ள தொலைவிலேதான் சுவை பிறக்கிறது. தன்கண் விளையாட்டு இத்தொலைவை இல்லாமற் செய்துவிடுகிறது. இங்கே காண்போனும் ஒருவனே, அஞ்சுவோனும் அவனே. திரையில் ஒரு கதவு திறக்கையில் நடுங்கும் விரல் ஆடுவோனுடையது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு கோட்பாட்டுக்கு இது புதிய வினா. அதற்கு விடை தேடும் கடமை தமிழ் பயில்வோர்க்கு உண்டு.

சார்ந்ததன் வண்ணம்

விடை தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. விக்கிரமசிங்கபுரம் ஈன்ற சிவஞான முனிவர், மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் கண்டவர், 1785இல் மறைந்தவர். அவர் விரித்துரைத்த சைவ சித்தாந்தம் உயிருக்கு ஓர் இயல்பைச் சொல்கிறது. உயிர் தனித்து நில்லாது. எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். செம்மலரை அடுத்த படிகம் சிவப்பாகும். நீலத்தை அடுத்த படிகம் நீலமாகும். சார்ந்ததன் வண்ணமாதல் என இதனைக் குறிப்பர். வெளியே நின்று ஆராய்ந்து அறிவதினும் வேறாக, பொருளோடு ஒன்றி நுகர்ந்து அறிவதனை அழுந்தி அறிதல் என்பர்.

வீடுபேறு பற்றிய கோட்பாட்டை விளையாட்டுக்குப் பொருத்துவது மிகை எனச் சிலர் கருதலாம். முனிவர் நோக்கம் வேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் உயிரின் இயல்பு பற்றிய கூற்று எல்லாப் பட்டறிவுக்கும் பொதுவாகும். சார்ந்ததன் வண்ணமாதல் என்பதிலிருந்து இருவேறு வினாக்கள் எழுகின்றன. சார்பு முழுமை பெற வடிவமைப்பு எவ்வாறு உதவுகிறது என்பது ஒன்று. சார்ந்த பொருளின் வண்ணம் யாது என்பது மற்றொன்று. விளையாட்டை வடிவமைப்போர் முதல் வினாவிலேயே வாழ்நாளைக் கழிக்கின்றனர். பெற்றோரும் ஆசிரியரும் இரண்டாம் வினாவையே கேட்டு அஞ்சுகின்றனர். இரண்டையும் ஒருங்கே கேட்பது இலக்கிய ஆய்வுக்கு உரிய பணி.

கண்ணாக நிற்றல்

இவ்வகை விளையாட்டின் முன்னோடியான ‘மேஸ் வார்’ 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று. கோடுகளால் வரைந்த புதிர்ப்பாதையில் ஒருவரையொருவர் தேடிச் சுடும் அவ்விளையாட்டில் எதிராளி திரையில் ஒரு கண்விழியாகவே தோன்றினான். ஆடுவோனுக்கு உடல் இல்லை. கண் மட்டுமே உண்டு. 1992இல் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’, 1993இல் ‘டூம்’ ஆகியவற்றை டெக்சாஸைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் உருவாக்கியபோது, அக்கண்ணுக்குக் கீழே துப்பாக்கி ஏந்திய கை வந்து சேர்ந்தது. டூமில் திரையின் அடியில் வீரனின் முகமும் சிறு படமாகத் தோன்றும். காயம் பட்டால் அம்முகத்தில் குருதி வழியும். எண்ணால் மட்டும் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை முகத்தாலும் சொல்லியது அவ்வடிவமைப்பின் நுட்பம். மெய்ப்பாடு என்பதன் பொருளே மெய்யின்கண் படுதல் அன்றோ?

வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ இக்கலையின் போக்கை மாற்றிற்று. அதுகாறும் கதை சொல்லும் இடங்களில் ஆட்டம் நின்றுவிடும். திரைப்படம்போல் ஒரு காட்சி ஓடும். ஆடுவோன் தன் கண்ணை இழந்து பார்வையாளனாகிவிடுவான். ஹாஃப்-லைஃப் அம்முறையைக் கைவிட்டது. தொடக்கம் முதல் இறுதிவரை கதை கோர்டன் ஃப்ரீமன் என்னும் அறிவியலாளனின் கண்களுக்குள்ளேயே நிகழ்கிறது. பிறர் பேசும்போதும் ஆடுவோன் நடக்கலாம், திரும்பலாம், கேளாமல் விலகியும் போகலாம். கண் பறிக்கப்படாத காரணத்தால் கதையும் அவனுடையதாகவே நிற்கிறது.

பெயர் சுட்டா மரபு

ஃப்ரீமன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இது குறைபோலத் தோன்றினும் திட்டமிட்ட அமைப்பேயாகும். அவன் பேசினால் அது வேறொருவன் குரலாகிவிடும். ஆடுவோன் அவனிடமிருந்து விலகிவிடுவான்.

இந்நுட்பத்தைத் தமிழ் அகமரபு நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியர்க்கு இயற்பெயர் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதும் இல்லை. பாட்டு முழுவதும் தலைவி கூற்றாகவோ தோழி கூற்றாகவோ பிறர் கூற்றாகவோ அமைகிறது. பெயர் நீங்கிய இடத்தில் படிப்போன் நுழைய இடம் கிடைக்கிறது. குறிஞ்சி நிலத்தில் இரவில் காத்திருப்பவள் யாரோ ஒருத்தி அல்லள். கேட்போர் ஒவ்வொருவரும் அவளாகலாம்.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. அகப்பாட்டில் பெயர் இல்லையேனும் குரல் உண்டு. அக்குரல் தலைவியின் நெஞ்சைக் கேட்போன் நெஞ்சுக்குள் கொண்டு சேர்க்கிறது. விளையாட்டிலோ பெயர் உண்டு, குரல் இல்லை. அங்கே ஆடுவோன் தன் நெஞ்சையே கொண்டுசென்று வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். அகப்பாட்டு பிறர் உள்ளத்தைத் தனதாக்குகிறது. விளையாட்டு தன் உள்ளத்தைப் பிறர் உடலில் இடுகிறது. இவ்வேறுபாடு இவ்வுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

நாட்டு வளமும் கருப்பொருளும்

வில்லுப்பாட்டின் அமைப்பு இவ்வூர் அவைக்குப் புதிதன்று. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் ஆகியவற்றுக்குப் பின்னரே கதைக்கூறு வரும். முடிவில் வாழி பாடுவர். நாட்டு வளத்தைக் கேட்டு ‘கதை எப்போது வரும்’ எனச் சலிப்போர் உளர். ஆனால் அந்நாட்டில் ஒருமுறை நடந்து பழகாத மனம் அங்கு நிகழும் கொலைக்கு அழாது. புலவர் கட்டும் முதற்படி அது.

ஹாஃப்-லைஃப் தொடங்குவதும் இவ்வாறே. ஃப்ரீமன் தொங்கூர்தி ஒன்றில் அமர்ந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகிறான். சில நிமிடங்கள் அப்பயணம் நீள்கிறது. சுடுவதற்கு எவரும் இல்லை. கையில் துப்பாக்கியும் இல்லை. வழியெங்கும் கதவுகள், பொறிகள், பணிபுரியும் மனிதர். பின்னர் அவ்விடமெல்லாம் சிதையும்போது ஆடுவோன் நெஞ்சில் தோன்றும் இழப்புக்கு அந்நாட்டு வளமே காரணமாகும்.

முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், கருப்பொருளாகிய மரமும் புள்ளும் பறையும் உரிப்பொருளை ஏந்தி நிற்பது தமிழ்க் கவிதையின் இலக்கணம். இறைச்சி என்னும் உத்தியால் கருப்பொருளே பேசுவதும் உண்டு. 2007இல் வெளிவந்த ‘பயோஷாக்’ கடலடியில் கட்டப்பெற்ற ரேப்ச்சர் என்னும் நகரைக் காட்டுகிறது. அந்நகர் எவ்வாறு அழிந்தது என்பதைச் சுவர்ப் பரப்புரைகளும், உடைந்த மண்டபங்களும், கைவிடப்பட்ட ஒலிப்பதிவுகளும் கூறுகின்றன. ஆடுவோன் தானே அவற்றைக் கோத்துப் பொருள் காண்கிறான். தானே கண்ட பொருளில் அவனுக்கு உரிமை பிறக்கிறது. உள்ளுறை உணர்ந்த வாசகனின் இன்பமும் இத்தகையதே. எல்லாவற்றையும் அம்புக்குறி இட்டுக் காட்டும் விளையாட்டும், உவமையை விளக்கிவிட்டு முடியும் கவிதையும் ஒரே குற்றம் செய்கின்றன.

கையில் விரியும் வரைபடம்

திரையின் மூலைகளில் எண்களும் குறிகளும் நிறைந்திருத்தல் இவ்விளையாட்டுகளின் இயல்பு. உயிர் எவ்வளவு, குண்டு எத்தனை, பகைவன் எத்திசை என்பவற்றை அவை அறிவிக்கும். அவை ஆட்டத்துக்கு வேண்டியவை; ஆனால் கண்ணுக்கும் களத்துக்கும் இடையே நிற்கும் திரையும் அவையே. இதனைக் களைய முயன்ற படைப்புகள் சில.

2008இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஃபார் க்ரை 2’ பெயரற்ற ஓர் ஆப்பிரிக்க நாட்டில் நிகழ்கிறது. அங்கே வழி அறிய வேண்டின் வீரன் காகித வரைபடத்தைக் கையில் எடுத்து விரிக்க வேண்டும். விரித்த பொழுதும் உலகம் நிற்பதில்லை. பகைவன் வந்து சுடலாம். பழைய துப்பாக்கி துருவேறி நடுப்போரில் அடைத்துக்கொள்ளும். மலேரியாக் காய்ச்சல் திடீரெனக் கண்ணை மங்கச் செய்யும். உக்ரைன் நாட்டு 4ஏ கேம்ஸ் உருவாக்கி 2010இல் வெளிவந்த ‘மெட்ரோ 2033’ திமித்ரி குளுகோவ்ஸ்கியின் புதினத்தைத் தழுவியது. நச்சுக் காற்றில் நடக்கும் வீரன் முகமூடி அணிகிறான். வடிகட்டி இன்னும் எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதைக் கைக்கடிகாரம் காட்டுகிறது. முகமூடிக் கண்ணாடி கீறல் விடுகிறது, மூச்சு இரைக்கிறது. உயர்ந்த வகைத் தோட்டாவே அவ்வுலகில் நாணயம். ஒரு தோட்டாவைச் சுடுவது செல்வத்தை எறிவதாகும். எனவே சுடுமுன் விரல் தயங்குகிறது. அறிவுரை எதுவும் கூறாமலே தயக்கத்தைக் கற்பித்த வடிவமைப்பு இது.

‘மிரர்ஸ் எட்ஜ்’ (2008) என்னும் சுவீடன் நாட்டுப் படைப்பு கண்ணுக்கு உடலை மீட்டுத் தந்தது. கூரைக்குக் கூரை தாவுபவளின் கைகளும் கால்களும் பார்வையில் படுகின்றன; அவள் மூச்சு கேட்கிறது. ஆனால் இங்கே ஓர் இடர் எழுந்தது. கண் ஓடுகிறது, உட்கார்ந்திருக்கும் உடலோ ஓடவில்லை. இம்முரணால் சிலர்க்குத் தலைசுற்றும். அதனைத் தணிக்கத் திரை நடுவில் சிறு புள்ளி ஒன்றை வைத்தனர். உலகில் இல்லாத அப்புள்ளி மனத்தைக் கலைக்கவில்லை; நிலைப்படுத்தியது. ஆகவே திரையில் குறிகளே கூடாது என்பது விதி அன்று. குறி எதற்குத் துணை நிற்கிறது என்பதே வினா. யாப்பும் செயற்கையே, ஆயினும் வெண்பாவின் தளை செவியைக் கலைப்பதில்லை, கட்டி நிறுத்துகிறது.

ஒன்றிய மனம் கலையும் இடங்கள்

மேற்கூறிய ஃபார் க்ரை 2 மனத்தைக் கலைத்த இடமும் உண்டு. காவல் நிலை ஒன்றைப் போராடி அழித்துச் சற்றுத் தொலைவு சென்று திரும்பினால் அங்கே மீண்டும் காவலர் நிற்பர். செய்த செயலுக்கு விளைவு இல்லை என்று உலகமே சொல்லிவிடுகிறது. காய்ச்சலும் துருவும் வரைபடமும் கட்டியெழுப்பிய மெய்ம்மையை இவ்வொரு பிழை குலைத்தது எனப் பலர் குறைகூறினர். கதவுபோல் வரைந்த திறவாச் சுவர், தாண்டமுடியாத முழங்காலளவு வேலி, கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பக் கூறும் வழிப்போக்கன் ஆகியனவும் இவ்வகையினவே. மனிதன் பொய்யை ஏற்கிறான். பொய்யின் இலக்கணம் பிழைபடுவதை ஏற்பதில்லை.

இதனினும் ஆழமான பிழை கதைக்கும் ஆட்டத்துக்கும் இடையே நேரும் முரண். ஃபார் க்ரை 2ஐ வழிநடத்திய கிளின்ட் ஹாக்கிங், 2007இல் பயோஷாக் பற்றி எழுதிய திறனாய்வில் இம்முரணுக்குப் பெயரிட்டார். அவ்விளையாட்டின் இயக்கம் தன்னலத்தின் வழியை ஆடுவோனுக்குத் திறந்துவைக்கிறது. கதையோ பிறனுக்கு உதவுதல் என்னும் ஒரே வழியில் அவனைச் செலுத்துகிறது. கை ஒன்றைக் கற்கையில் செவி மற்றொன்றைக் கேட்கிறது. கைக்கும் செவிக்கும் போட்டி நேர்ந்தால் கையே வெல்லும். ஒன்றிய மனம் நம்புவது செய்த செயலையே என்பதை அறம் பேசும் கவிஞர் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கட்டியங்காரனும் பச்சைக் குருதியும்

இந்தியாவில் நிகழ்ந்தது ஒன்று இங்குக் கருதத்தக்கது. பப்ஜி மொபைல் என்னும் விளையாட்டு 2020 செப்டம்பரில் இந்திய அரசால் தடைசெய்யப்பட்டது. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 சூலையில் அதன் மாற்று வடிவத்தை ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என வெளியிட்டது. 2022 சூலையில் அதுவும் விலக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. வீரனைப் பின்னிருந்து காணும் பார்வையும், அவன் கண்ணாலேயே காணும் பார்வையும் அதில் உண்டு. பின்னிருந்து காண்போன் சுவருக்குப் பின் ஒளிந்தபடியே சுவருக்கு அப்பால் நோக்கலாம். தன்கண்ணால் காண்போன் தலையை நீட்டினாலன்றிக் காண இயலாது. அச்சம் பின்னதிலேயே மிகுதி என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்திய வடிவத்தில் ஒன்றுதலை வேண்டுமென்றே தணிக்கும் அமைப்புகள் சேர்க்கப்பட்டன. குருதி பச்சை நிறம் பெற்றது. இது மெய்யுலகு அன்று என்னும் அறிவிப்பு ஒலித்தது. 18 வயது நிரம்பாதோர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேர வரம்பு வந்தது. நோக்கம் நன்றே. ஆனால் பயன்?

கூத்து மரபிலும் மனத்தைக் கலைக்கும் அமைப்பு உண்டு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் பாரதப் போரின் நடுவே வந்து இன்றைய விலைவாசியைப் பேசுவான். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார், குறுக்கே வினவுவார், கேலியும் செய்வார். அவை சிரிக்கும், சிரித்த வாய் மூடுமுன் மீண்டும் கதையில் விழும். இக்கலைப்பு கலைக்குள்ளிருந்தே வருகிறது. ஆற்றில் நிற்பவன் தலையைத் தூக்கி மூச்சு வாங்குவதைப் போன்றது அது. பச்சைக் குருதியும் அறிவிப்பும் கரையில் நின்று கூவும் எச்சரிக்கை. பழகிய செவி அதனைக் கேளாது. பழகிய விரல் அதனைத் தள்ளிவிட்டு உள்ளே போகும். நிறத்தை மாற்றினால் குருதியின் பொருள் மாறாது. கொன்றவன் நெஞ்சில் கொலை என்னவாக நிற்கிறது என்பதை அவ்வறிவிப்பு தொடவே இல்லை.

காஞ்சி இல்லாப் புறம்

தொல்காப்பியர் வகுத்த புறத்திணைகள் ஏழு. அவற்றுள் தும்பையும் வாகையும் தன்கண் விளையாட்டில் நிறைய உண்டு. இல்லாதது காஞ்சி. நிலையாமையை உணர்த்தும் அத்திணை இன்றிப் புறம் நிறைவுபெறாது எனப் பழந்தமிழர் கருதினர். போரைப் பாடிய புலவர்களே வீழ்ந்தவனின் மனைவியையும் தாயையும் பாடினர், கையறுநிலை பாடினர். எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சம், வெகுளி, பெருமிதம், மருட்கை என்னும் நான்கையே இவ்விளையாட்டு பெரிதும் ஆள்கிறது. பெருமிதத்துக்கும் தறுகண் ஒன்றே வாயில் அன்று. கல்வியும் புகழும் கொடையும் வாயில்கள் என்பார் தொல்காப்பியர். அழுகைக்கும் இளிவரலுக்கும் அங்கு இடம் மிகக் குறைவு. இறந்தவன் சில நொடிகளில் மீண்டும் எழுவான் என்னும் அமைப்பில் அழுகைக்கு வழி ஏது?

வழி உண்டு எனக் காட்டிய படைப்பும் உளது. 2016இல் வெளிவந்த ‘பேட்டில்ஃபீல்ட் 1’ முதல் உலகப் போரைப் பொருளாகக் கொண்டது. அதன் முன்னுரைப் பகுதியில் ஆடுவோன் ஒரு வீரனாகப் போரிடுகிறான். அவன் வீழ்ந்ததும் திரையில் ஒரு பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் தோன்றுகின்றன. பின்னர் ஆடுவோன் வேறொரு வீரனின் கண்ணுக்குள் புகுகிறான், அவனும் வீழ்கிறான், அவன் பெயரும் எழுதப்படுகிறது. தோற்றதும் மீண்டும் எழும் வழக்கம் நடுகல்லாக மாற்றப்பட்ட இடம் அது. உயிரோடு இருந்தபோது பெயரற்று ஆடுவோனாகவே நின்றவன், இறந்தபின் பெயர் பெற்றுத் தனி மனிதனாகிறான். அகத்தில் பெயர் மறைத்தும் புறத்தில் பெயர் பொறித்தும் பாடிய மரபுக்கு அக்காட்சி அயலானதன்று. ஒரு சில எழுத்துகள் செய்த இவ்வேலையைப் பச்சைக் குருதி செய்ய இயலாது.

பட்டவராயன் செருப்பு

காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்புகளைக் காணிக்கையாக இடும் வழக்கத்தை இப்பகுதியினர் அறிவர். அதன் பின்னணியான முத்துப்பட்டன் கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துத் தந்தார். அந்தணனாகிய முத்துப்பட்டன் பகடை குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரை விரும்புகிறான். அவர்கள் தந்தை இட்ட கட்டளைப்படி பூணூலையும் குடுமியையும் களைகிறான். செருப்புத் தைக்கக் கற்கிறான். மாடு கவர வந்தோரோடு போரிட்டு மாய்கிறான். அவன் மனைவியர் தீப்பாய்கின்றனர்.

முத்துப்பட்டன் செய்ததே அழுந்தி அறிதல். தான் பிறந்த வண்ணத்தைக் களைந்து வேறு வண்ணமானான். வில்லின்முன் அமர்ந்து இரவெல்லாம் அதனைக் கேட்பவரும் அவ்வாறே ஆகின்றனர். எச்சாதியார் கேட்பினும், தோலை ஊசியால் தைக்கும் கை சற்று நேரம் அவர் கையாகிறது. களத்தில் வீழ்பவனின் கண்ணைத் தந்த புலவர் அடுத்த பாட்டிலேயே சேதி கேட்டுக் கதறும் பெண்களின் கண்ணையும் தருகிறார். ஓர் இரவில் பல கண்கள். துப்பாக்கி ஏந்தியவனின் கண் ஒன்றை மட்டுமே தருவது தன்கண் விளையாட்டின் வறுமை. ஒன்றச் செய்யும் ஆற்றலில் அது வில்லுப்பாட்டுக்குக் குறைந்ததன்று. யாரோடு ஒன்றச் செய்கிறது என்பதிலேதான் குறைகிறது.

வில்லுப்பாட்டுக் கதையும் குருதி அற்றதன்று. சுடலைமாடன் கதையில் சினமும் பழியும் மலிந்துள்ளன. நள்ளிரவில் கதை உச்சம் எய்த, சாமியாடுவோர் தம்மை முற்றும் இழப்பதும் உண்டு. ஆயினும் அவர்களைத் தாங்கிப் பிடிக்க ஊர் சூழ்ந்து நிற்கிறது. திருநீறு இடக் கை இருக்கிறது. முடிவில் புலவர் வாழி பாடுகிறார். கேட்டவர் அனைவரும் நலமுற வாழ்த்தி வீட்டுக்கு அனுப்புகிறார். கைப்பேசி விளையாட்டில் வாழி இல்லை. ஓர் ஆட்டம் முடிந்த திரையிலேயே அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் ஒளிர்கிறது. இறங்கப் படி அமைத்தவர்கள் ஏறப் படி அமைக்கவில்லை. இளைஞர் மூழ்குகிறார்கள் என்று வருந்துவதைவிட, படித்துறை பாதியில் நிற்கிறது என்று வருந்துவதே பொருந்தும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

கனடாவின் டொரான்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதன் பெயர் ‘வெண்பா’. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அன்னை தந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்தும் கிழிந்தும் போன பகுதிகளை ஊகித்துச் சமைக்கிறாள். இட்லி அவிப்பதே அங்கு முதற்களம். 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் அறிமுகப் படைப்புக்கான விருதை அது பெற்றது. துப்பாக்கி இல்லை, தன்கண் பார்வையும் இல்லை. ஆயினும் ஒரு தாயின் கைக்குள் ஆடுவோனின் கை புகுந்து, அவள் தனிமையை அறிகிறது. அழுகைக்கும் உவகைக்கும் இக்கலையில் இடம் உண்டு என்பதற்கு அது சான்று. யாப்பின் பெயரைத் தாங்கி உலகை வலம் வந்த அப்படைப்பு, யாப்பறிந்த கவிஞர்களை இக்கலைக்குள் அழைப்பதாகவும் கொள்ளலாம்.

கொடைவிழா இரவுகளில் வில்லடிப் பந்தலின் ஓரத்தில் கைப்பேசியின் ஒளி முகத்தில் பட அமர்ந்திருக்கும் சிறுவரைக் காணலாம். ஒரு பக்கம் முத்துப்பட்டன் வீழ்கிறான். மறுபக்கம் பெயரற்ற ஒருவன் வீழ்கிறான். அச்சிறுவனைக் கடிந்து கைப்பேசியைப் பறிப்பது எளிது. அருகமர்ந்து, “இப்போது வீழ்ந்தானே, அவன் பெயர் என்ன, தம்பி? அவனுக்கு யார் அழுவார்?” என வினவுவது அரிது. அவ்வினா அவன் ஆட்டத்தை நிறுத்தாமல் போகலாம். ஆனால் அடுத்த முறை சுடுமுன் விரல் ஒரு நொடி தயங்கினால், காஞ்சி அங்கே பிறந்துவிட்டது என்று பொருள்.

சிவஞான முனிவரையும், உலகம்மையைப் பாடிய நமச்சிவாயக் கவிராயரையும் தந்த மண் இது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என விரித்துரைத்தவர் பிறந்த ஊரில், பிள்ளைகள் எதனைச் சார்கின்றனர் என்பதைக் கவிஞர் அறியாதிருத்தல் ஆகாது. அக்களத்தினுள் சென்று கண்டு, அதற்கு வேண்டிய காஞ்சியையும் வாழியையும் எழுதித் தர வேண்டியவர்கள் அவர்களே. பாதியில் நிற்கும் படித்துறையைக் கட்டி முடிக்கும் பணி, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்துக்கு உரியதாகுக.